வெல்லத்தின் வலது காது

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை பந்தியில் மாமியார் சொன்ன வார்த்தை செவ்வாய்க்கிழமை காலையிலும் சோபனாவின் தொண்டையில் நின்றது. மீன் முள்ளாக இருந்தால் வெறுஞ்சோற்றை உருண்டை பிடித்து விழுங்கிவிடலாம். இதற்கு அந்த வைத்தியமும் இல்லை.

மாமனார் பச்சியப்பனின் நினைவு நாள். சொந்தக்காரர்கள் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டே, "ரெண்டும் பொட்டையாப் போச்சு. நாளைக்கு என் மவனுக்குக் கொள்ளி வெக்க ஆளைக் கூலிக்குத்தான் புடிக்கணும்" என்றாள் சென்னம்மாள். சொல்லிவிட்டு ஈரல் துண்டாகப் பார்த்து மகனின் இலையில் வைத்தாள். அந்த இலைக்குப் பக்கத்தில்தான் பேத்திகள் தர்ஷினியும் கனிகாவும் உட்கார்ந்திருந்தார்கள். அருள்குமார் தலை நிமிரவில்லை. சிரித்தான்.

மாமியாரின் வாய் பழகிய வாய். அதற்குக் கோபப்படுவதைச் சோபனா எப்போதோ விட்டுவிட்டாள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவள் கணவனோடு பேசவில்லை. அவன் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

அடுப்பில் வெங்காயம் வதங்கியது. வாசனை வயிற்றைப் புரட்டியது. ஒரு வாரமாகவே இப்படித்தான். பித்தம் ஏறிக் கிடக்கிறது என்று அரூர் மெடிக்கலில் கூட வேலை செய்யும் ஷகிலாவிடம் சொல்லியிருந்தாள். ஷகிலா இஞ்சி மொரப்பா வாங்கிக் கொடுத்திருந்தாள். கைப்பையில் அது பாதி தீர்ந்திருந்தது.

"அம்மா, வெல்லம் குழி நோண்டுது" என்று கனிகா ஓடி வந்தாள். பள்ளிக்கூடப் பையை மாட்டியபடியே பின்கட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "வெறகுக்கு அடியில. ராத்திரி வெச்ச சோறும் அப்பிடியே இருக்குது."

நிறத்தைப் பார்த்து அந்த நாய்க்கு வெல்லம் என்று பெயர் வைத்தவளே அவள்தான்.

சோபனா அடுப்பைத் தணித்துவிட்டுப் போனாள். விறகுக் குவியலுக்கும் சுவருக்கும் நடுவே மண்ணைத் தோண்டிவிட்டு, அதில் படுத்து, உடனே எழுந்து, மறுபடி தோண்டியது நாய். மூச்சு இரைத்தது. அவள் குனிந்து அதன் வயிற்றைத் தடவினாள். வயிறு தொங்கிக் கிடந்தது. காம்புகளைச் சுற்றி முடி உதிர்ந்து, தோல் சிவந்து, காம்புகள் தடித்திருந்தன. ஒன்றைத் தொட்டதும் விரல் நுனி வெள்ளையாக நனைந்தது.

அவளுக்குப் பயம் பிடித்தது. மாரில் கட்டி வந்து செத்த நாய் ஒன்றை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள்.

"அத்த, இதுக்கு மார்ல கட்டி வந்திருக்குது."

"கட்டியாவது கிட்டியாவது" என்றாள் சென்னம்மாள், வெளிமுற்றத்தில் புளி கொட்டை எடுத்தபடி. "சாமிக்குப் படைச்ச கறியெல்லாம் தின்ன கொழுப்பு. நீ வேலையப் பாரு."

வேறு வீடாக இருந்தால், நாய் சினையாக இருக்கிறது என்று பார்த்தவுடனே சொல்லியிருப்பார்கள். சோபனாவுக்கு அது தோன்றவே இல்லை. வெல்லத்துக்குத்தான் ஆவணியிலேயே ஆபரேஷன் ஆகிவிட்டதே. அருள்குமார்தான் வண்டியில் ஏற்றித் தருமபுரிக்குக் கொண்டுபோய்ச் செய்துகொண்டு வந்தான். ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமான காது வெட்டும் மஞ்சள் பூச்சுமாக நாயை இறக்கிவிட்டு, "இப்ப நானும் இதுவும் ஒரே கட்சி" என்று சிரித்தான்.

அந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முந்தைய மாதமான ஆடியில்தான் அவன் தனக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டு வந்தான்.

கனிகா பிறந்தபோது சோபனாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. பாட்டில் பாட்டிலாக ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். இன்னொரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா அப்போதே சொல்லிவிட்டார். சில வருஷம் காப்பர்-டி இருந்தது. அதுவும் ஒத்துக்கொள்ளாமல் எடுக்க வேண்டி வந்தபோது, "உனக்குக் கத்தி வேண்டாம்மா. உன் வீட்டுக்காரர் செய்துக்கட்டும், அவங்களுக்குச் சின்ன வேலை" என்றார். அருள்குமார் சரி என்றான். ஆஸ்பத்திரி கேம்ப்புக்குப் போனான், வந்தான். ஊரில் எந்த ஆம்பளை இதைச் செய்வான் என்று சோபனா பூரித்துப் போனாள். மெடிக்கலுக்கு வரும் பெண்களிடம்கூடச் சொன்னாள். "எங்க வூட்டுக்காரரு பண்ணிக்கிட்டாருங்க. ஒண்ணுமே ஆவல."

இரண்டு நாள் மௌனத்தை உடைத்துக்கொண்டு அவனுக்குப் போன் செய்தாள். அவன் ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆக்கும் சேகோ மில்லில் குச்சிக்கிழங்கு இறக்கிக்கொண்டிருந்தான்.

"வெல்லத்துக்கு ஒடம்பு சரியில்ல. மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அதெல்லாம் வேணாம்" என்றான் அவன், என்ன உடம்புக்கு என்று கேட்காமலே. "தானா சரியாயிடும். டாக்டருகிட்டல்லாம் கொண்டு போவாத."

"ஏன்?"

"ஏன்னா... நீ வேலைக்குப் போ சோபனா. நான் வந்து பாத்துக்கறேன்."

அந்த அவசரம் அவளுக்குப் பிடிக்கவில்லை. மெடிக்கல் முதலாளி அப்துல் ஷுக்கூருக்குப் போன் செய்து லீவு சொன்னாள். குப்புராஜின் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

"இதுக்கு அரை டிக்கெட்டாங்க, முழு டிக்கெட்டாங்க?" என்றான் குப்புராஜ், நாயைத் தூக்கி ஏற்றிக்கொண்டே.

*

மொரப்பூர் கால்நடை மருந்தகத்தில் கன்றுக்குட்டிக்கும் கோழிக்கும் நடுவே காத்திருந்தாள். மேஜையில் ஏற்றியதும் கால்நடை டாக்டரம்மா நாயைப் பார்த்தார். அப்புறம் சோபனாவைப் பார்த்தார்.

"இவ்வளவு நாள் விட்டுட்டு இன்னிக்குத்தான் கூட்டிட்டு வர்றதா?"

"இன்னிக்குத்தாங்க பாத்தேன். கட்டி மாதிரி இருக்குது."

டாக்டரம்மா இரண்டு கையாலும் வயிற்றை மெதுவாக அமுக்கிப் பார்த்தார். சோபனாவின் கையை இழுத்து நாயின் விலாவுக்குக் கீழே வைத்தார். உள்ளிருந்து ஏதோ ஒன்று அவள் உள்ளங்கையை முட்டிவிட்டு நகர்ந்தது.

"கட்டி உதைக்குமா?"

சோபனா கையை எடுத்துக்கொண்டாள். "இதுக்கு ஆபரேஷன் ஆயிருக்குங்க."

"யாரு சொன்னா?"

"எங்க வூட்டுக்காரரு. அவருதான் கொண்டு போனாரு."

டாக்டரம்மா நாயைப் புரட்டி, முடியை விலக்கி, அடிவயிற்றை நீளத்துக்கும் காட்டினார். தழும்பு இல்லை. "கர்ப்பப்பையையே எடுத்துடுவோம்மா. எடுத்ததுக்கு எங்கிருந்து குட்டி வரும்? காதுல வெட்டு இருக்கேன்னு நானும் பார்த்தேன். ஆனா நாங்க இடது காது நுனியில வெட்டுவோம். இது வலது காது. அதுவும் ஓரத்துல, பிறை மாதிரி. இந்த வெட்டை நான் பார்த்ததில்ல."

சோபனாவின் காது மடல்கள் சுட்டன. ஐப்பசி மழையில் வாசலில் வந்து நின்ற கடுவன் நாய்கள் ஞாபகம் வந்தன. அவள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி விரட்டினாள். "ஆபரேஷன் ஆனாலும் கொஞ்ச காலம் வாசம் இருக்கும்" என்றான் அருள்குமார். அவள் அதையும் நம்பினாள். மருந்துக் கடையில் வேலை செய்கிறவள்.

டாக்டரம்மா காய்ச்சல் பார்த்தார். "உடம்புச் சூடு இறங்கியிருக்கு. சாப்பாடு வேண்டாங்குது, குழி தோண்டுதுன்னு சொல்றீங்க. இன்னிக்கே ஆயிடும். ஆள் நடமாட்டமில்லாத மூலையில இடம் பண்ணுங்க. குட்டி வெளிய உருளாத மாதிரி சின்னதா ஒரு ஓரம் இருக்கணும், தாய் தாண்டிப் போய் வரவும் முடியணும். பழைய பருத்தித் துணி நிறைய வேணும். நனைய நனைய மாத்துங்க. பக்கத்துல தண்ணி வையுங்க."

"நாங்க எதுவும் செய்யணுங்களா?"

"பெரும்பாலும் அதுவே பார்த்துக்கும். இது தலைச்சன். குட்டி பையோட விழும். இது கிழிக்கலைன்னா நீங்க உடனே கிழிச்சு மூக்கைத் துடைச்சு விடணும். தொப்புள்கொடியை அதுவே கடிச்சிடும். கடிக்கலைன்னா சுடுதண்ணியில போட்ட நூலால கட்டிட்டு வெட்டுங்க. முக்கி முக்கி ஒண்ணும் வரலைன்னா வேடிக்கை பார்க்காம இங்க தூக்கிட்டு வாங்க."

சோபனா தலையாட்டினாள். கேட்க நினைக்காத கேள்வி வாயில் வந்துவிட்டது. "இத்தனை நாளு கூடவே இருக்கேன். எப்பிடிங்க எனக்குத் தெரியாமப் போச்சு?"

"ஆரம்பத்துல வெளிய ஒண்ணும் தெரியாதும்மா. கொஞ்ச நாள் சோறு வேண்டாங்கும், வாந்தி எடுக்கும், ஒதுங்கிப் படுக்கும். நாமளும் அஜீரணம், பித்தம்னு விட்டுடுவோம். அதுவும் இருக்கவே இருக்காதுன்னு நம்பிட்டா, கண்ணு முன்னாடி இருந்தாலும் தெரியாது."

கைப்பையின் வாரை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். உள்ளே மொரப்பா இருந்தது.

*

ஊருக்குத் திரும்பும் வழியில் கேழ்வரகு அறுத்த காடுகளுக்கு நடுவே ஆட்டோ நின்றது. ஊர் ஆட்டுக்காரர் ஆண்டியின் மந்தை சாலையைக் கடந்தது. குப்புராஜ் ஹாரன் அடித்தான். ஆடுகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சோபனா அந்தக் காதுகளைத்தான் பார்த்தாள்.

முதலில் போன கிடாவின் வலது காதில், ஓரத்தில், பிறை மாதிரி ஒரு வெட்டு. அதற்குப் பின்னால் வந்ததற்கும் அதே இடத்தில் அதே வெட்டு. குட்டிகளுக்கும் இருந்தது. மந்தை முழுக்க ஒரே காது. அவள் மடியில் தலை வைத்துக் கிடந்த வெல்லத்தின் வலது காதை எடுத்து விரித்துப் பார்த்தாள். தையல்காரர் ஒரே அட்டையை வைத்து வெட்டிய மாதிரி இருந்தது.

"ஆண்டியண்ணா" என்று கூப்பிட்டாள்.

தோளில் கோலைக் குறுக்கே போட்டபடி ஆண்டி வந்தார். "என்னாம்மா, நாயை வண்டியில ஏத்திக்கிட்டு ஊர்வலம் போறீங்க?"

"இந்த வெட்டு யாரு வெட்டுனது?"

அவர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "நம்ம பட்டி வெட்டு. எங்கப்பன் காலத்துல இருந்து இதான். எந்தச் சந்தையில கொண்டு போயி நிறுத்துனாலும் நம்ம ஆடுன்னு தெரிஞ்சிரும். இதுக்கும் நான்தான் வெட்டுனேன். உங்க வூட்டுக்காரரு ஆவணியில கொண்டாந்தாரு. நாய் புடிக்கிற வண்டி வருதாமே, காதுல வெட்டு இருந்தா ஆபரேஷன் ஆனதுன்னு விட்டுருவாங்களாம். எடது காதுதான் சொன்னாரு. எனக்குக் கை பழகுனது வலதுதானே. போட்டுட்டேன்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "ஏம்மா, சீழ் வெச்சிருச்சா?"

"இல்லண்ணா. நல்லா ஆறிருச்சு."

மந்தை போய்விட்டது. சாலையில் புழுக்கையும் புழுதியும் மிச்சம் இருந்தன. குப்புராஜ் வண்டியைக் கிளப்பினான்.

ஒரு நாயை ஏமாற்றுவதற்கே இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறான். இல்லை. நாயை யாரும் ஏமாற்றவில்லை. நாய்க்குத் தன் வயிறு தெரியும். ஏமாந்தவள் அவள். ஒரு காது வெட்டும் கொஞ்சம் மஞ்சளும் போதும் என்று அவளை அவன் எடைபோட்டிருக்கிறான். சரியாகவே போட்டிருக்கிறான்.

அப்படியானால் ஆடி மாதம்?

அன்று அவன் காலை அகட்டி அகட்டி நடந்து வந்தான். இரண்டு நாள் படுத்தே இருந்தான். பாரம் தூக்கக்கூடாது என்று சொன்னதால் சிலிண்டரை அவளே உருட்டி வைத்தாள். உடம்பில் ஒட்டாத மெல்லிசான துணி வேண்டும் என்று அரூரில் இரண்டு வேட்டி எடுத்து வந்தாள். நெஞ்செலும்பு சூப் வைத்து மிளகு தூவி ஊட்டாத குறையாகக் கொடுத்தாள். மூன்றாவது நாள் அவன் பாதத்தைப் பிடித்துவிட்டபடி, "ரொம்ப நன்றிங்க" என்றாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவனிடம் அவள் சொன்ன முதல் நன்றி அது.

பொய்யைவிட அந்த நன்றிதான் இப்போது எரிந்தது. அதைத் திரும்ப வாங்க வழியில்லை.

கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது என்று யோசித்தாள். காப்பர்-டி எடுத்ததிலிருந்து முன்னே பின்னேதான் வருகிறது. அதனால் கணக்கு வைப்பதை விட்டிருந்தாள். அதுதான் தேவையில்லையே என்று விட்டிருந்தாள்.

"குப்புராஜண்ணா, வண்டியத் திருப்புங்க."

"ஆஸ்பத்திரிக்கேவா?"

"மெடிக்கலுக்கு. ஸ்டேஷன் ரோட்டுல இருக்குதே, அங்க."

அரூரில் அவள் தினமும் விற்பதுதான். கர்ப்பமா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் அட்டை. வாங்க வரும் பெண்கள் குரலைத் தாழ்த்துவார்கள். அவள் தாளில் சுற்றி, மற்றவர்கள் பார்க்காமல் நீட்டுவாள். இன்று இங்கே ஒரு சின்னப் பெண் அவளுக்கு அதைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். சோபனா தாளைப் பிரித்து அங்கேயே போட்டுவிட்டு, பெட்டியை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

*

இடத்தை எங்கே செய்வது என்று அவள் யோசிக்கவே இல்லை. நேராகப் படுக்கையறைக்குப் போனாள். ஆள் வராத, இருட்டான மூலை என்றால் அந்த வீட்டில் அருள்குமாரின் கட்டிலுக்குப் பக்கத்து மூலைதான்.

பரணிலிருந்து பழைய டிரங்குப் பெட்டியின் மூடியைக் கழற்றி இறக்கினாள். கவிழ்க்காமல் தட்டு மாதிரி வைத்தாள். ஓரம் அரை சாண் உயரம் இருந்தது, குட்டி உருளாது. உள்ளே கோணிச்சாக்கை மடித்துப் போட்டாள். பீரோவைத் திறந்து, அடுக்கின் அடியில் இருந்த இரண்டு வேட்டிகளை உருவினாள். துவைத்துத் துவைத்து இன்னும் மென்மையாகியிருந்தன. பல்லால் கடித்து ஓரத்தைப் பிளந்து, ஒரே இழுப்பில் கிழித்தாள்.

சத்தம் கேட்டுச் சென்னம்மாள் வந்தாள். "ஏ, என்னா பண்ற? நல்ல வேட்டி."

"உங்க புள்ளை ஆபரேஷனுக்கு எடுத்தது அத்த." இன்னொரு கிழி. "ஒடம்பு நோவுற ஒருத்திக்காவது ஆவட்டும்."

"நாயை வூட்டுக்குள்ள பேறுக்கு வெக்கறவள எங்கியாச்சும் பாத்திருக்கியா? தீட்டு. அடிச்சு வெறகுக்கிட்டத் தொரத்து."

"அது சினைன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? காலையில கொழுப்புன்னீங்க."

சென்னம்மாள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். வெல்லம் அவளைத் தாண்டி உள்ளே வந்து, மூடியை மோந்து பார்த்து, துணியைக் காலால் பறித்துச் சுருட்டி, அதன் மேல் படுத்தது.

"தெரிஞ்சா என்னா இப்ப? பொட்ட நாயின்னா குட்டி போடும். வாயில்லாத சீவனைக் கட்டிப்போட்டு அறுக்கச் சொன்னா பாவம் இல்லியா? அவனுக்கு மனசு கேக்கல. உனக்கு என்னா, எல்லாத்தையும் அறுக்கணும். நாயை அறு, புருசனை அறு. அவன் ஒத்தப் புள்ள. ஆஸ்பத்திரி வாசல்லயே தலை சுத்தி உக்காந்துட்டேன்னு போன் பண்றான், பெத்த வயிறு கேக்குமா? நான்தான் வந்துருடான்னு..."

அவள் நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியது தாமதமாகிவிட்டது.

சோபனாவின் கையில் கத்தரிக்கோல் இருந்தது. நூலோடு சேர்த்துச் சுடுதண்ணீரில் போட எடுத்தது. அதை மெதுவாகத் தரையில் வைத்தாள். தன் கையை அவள் நம்பவில்லை.

"அப்ப அந்தச் சூப்பு?"

சென்னம்மாள் கீழே கிடந்த வேட்டிக் கிழியைக் குனிந்து எடுத்தாள்.

"எலும்பு வாங்கிட்டு வந்தது நீங்கதானே அத்த."

"நீ ஆசையா வெச்சிக் குடுத்த" என்றாள் சென்னம்மாள், சுவரைப் பார்த்து. "வேணாம்னு எப்பிடிச் சொல்றது?"

"எனக்கு ரத்தம் ஏத்துன அன்னைக்கு வெளிய பெஞ்சுலதானே உக்காந்திருந்தீங்க. டாக்டரு சொன்னது உங்க காதுலயும் விழுந்துச்சே."

"அது அப்ப. இப்ப எவ்ளோ மருந்து வந்துருச்சு. ஒரு ஆம்பளப் புள்ள ஆயிட்டா..."

சோபனா நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவள் மீதியை விழுங்கினாள்.

அந்த பெஞ்சில் சென்னம்மாள் அழுததைச் சோபனா பார்க்கவில்லை. ஆனால் மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நெஞ்சில் அடித்துக்கொண்டு, பச்சை உடம்போடு போய்விடாதே தாயி என்று அழுதாளாம். அது பொய் அழுகை இல்லை என்று இப்போதும் சோபனாவுக்குத் தெரியும். அப்படி அழுதவள்தான் இதையும் செய்திருக்கிறாள். முழுக்கக் கெட்டவளாக இருந்திருந்தால் வெறுப்பதாவது சுலபமாக இருந்திருக்கும்.

"அடுப்புல தண்ணி வைங்க" என்றாள். "நூலையும் இதையும் போட்டுக் கொதிக்க விடுங்க."

சென்னம்மாள் மறுவார்த்தை பேசாமல் எடுத்துக்கொண்டு போனாள்.

*

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வெளியே அருள்குமாரின் சின்ன யானை லோடு வண்டி வந்து நின்றது. வண்டியிலிருந்து இறங்கியவனைக் கனிகா ஓடிப்போய் வழிமறித்தாள். "உஷ். சத்தம் போடாதீங்கப்பா. வெல்லம் குட்டி போடுது. உங்க ரூம்ல."

அவன் அறை வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தான். கிழங்கு மண் ஒட்டிய சட்டை, கையில் பிள்ளைகளுக்கு வாங்கிய பகோடாப் பொட்டலம்.

"இங்க எதுக்கு? வெறகுக்கிட்ட விட்டா அதுவே போட்டுக்குமே."

"உங்க கட்சிக்காரி" என்றாள் சோபனா திரும்பாமல். "உங்க ரூம்லதான் இருக்கும்."

அவன் சிரிக்கப் பார்த்தான். அதற்குள் வெல்லத்தின் உடம்பு முறுக்கி நீண்டது. பின்னால் கறுப்பாக மினுங்கும் ஒரு பை துணியில் விழுந்தது. நாய் அதை மிரண்டு பார்த்தது. மோந்தது. பின்வாங்கியது. பைக்குள் ஏதோ அசைந்தது.

சோபனா நகத்தால் பையைக் கிழித்தாள். வழுவழுவென்று ஒரு குட்டி கைக்குள் வந்தது. மூக்கைத் துடைத்தாள். வேட்டித் துண்டில் சுற்றித் தேய்த்தாள். சத்தம் இல்லை. இன்னும் தேய்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். அந்தக் குட்டி மேல் அவளுக்கு எந்தக் கோபமும் இல்லை, ஆனால் கையில் இருந்தது கோபம்தான். குட்டி வாயைத் திறந்து, கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. வெல்லம் பாய்ந்து வந்து அதை நக்க ஆரம்பித்தது. கொடியைத் தானே கடித்தது.

அருள்குமார் முகத்தைத் திருப்பி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டிருந்தான். ரத்தம் பார்த்தால் அவனுக்கு ஆகாது.

"தர்ஷினி, தங்கச்சியக் கூட்டிட்டுப் போயி ரெண்டு பேரும் பகோடா தின்னுங்க."

பெரியவள் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பொட்டலத்தை அப்பா கையிலிருந்து வாங்கவில்லை. "எனக்கு வேணாம்" என்று தங்கையை மட்டும் இழுத்துக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பை அவளும் பார்த்திருந்தாள்.

கதவு சாத்தியதும் சோபனா கேட்டாள். "இன்னிக்கு ஆண்டியண்ணன் மந்தையப் பாத்தேன். எல்லா ஆட்டுக்கும் ஒரே காது."

அவன் பொட்டலத்தைக் கைமாற்றிக்கொண்டான்.

"ஆடி மாசம் எங்க போனீங்க?"

அவன் அடுப்படிப் பக்கம் பார்த்தான். "அம்மா சொல்லிருச்சா?"

மறுப்பான், சத்தியம் செய்வான், இன்னொரு பொய்யாவது சொல்வான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அதற்கெல்லாம் பதில்கூட வைத்திருந்தாள். அவன் கேட்டது இதைத்தான்.

"போனேன் சோபனா. சத்தியமா வாசல் வரைக்கும் போனேன். அங்க நம்ம மில்லுல லோடு ஏத்துற ஆளு ஒருத்தன் நின்னான். நாளைக்கு ஊரு முழுக்கக் கிண்டல் பண்ணுவானுங்க. தலை சுத்திருச்சு. அப்புறம் போலாம்னு நெனச்சேன். நீ வேற நன்றி கின்றின்னு... எப்பிடிச் சொல்றது?"

"அம்மாவும் அதையேதான் சொன்னாங்க. எப்பிடிச் சொல்றதுன்னு."

"நான் பாத்து நடந்துக்கலாம்னுதான்..."

"ஐப்பசியில பாத்து நடந்தீங்களா? தீவாளிக்குத் தண்ணியப் போட்டுட்டு வந்தீங்களே, அன்னைக்குப் பாத்தீங்களா?"

குரல் உயரவில்லை. உயர்ந்தால் பிள்ளைகள் கேட்பார்கள் என்பதற்காக அல்ல. உயர்த்தினால் இதுவும் வழக்கமான சண்டையாகிவிடும். சண்டை என்றால் அவனுக்குத் தெரியும். கோபித்துக்கொண்டு வெளியே போவான், பூ வாங்கிக்கொண்டு வருவான்.

அவள் கையைத் துடைத்தாள். கைப்பையைத் திறந்தாள். மொரப்பாவை ஒதுக்கிவிட்டுப் பெட்டியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். பகோடாப் பொட்டலம் கீழே விழுந்தது.

"என்னா இது?"

"நான் தெனமும் விக்கிறது. ஒரு வாரமா வெங்காயம் வதக்குனாக் கொமட்டுது. பித்தம்னு நெனச்சேன். அது இருக்கவே இருக்காதுன்னு உங்கள நம்பிட்டேன் பாருங்க."

அவன் பெட்டியின் மேல் இருந்த படத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் பயம் வந்தது. பயத்துக்குப் பின்னால், ஒரு நொடி, வேறு ஏதோ ஒன்றும் வந்து போனது. ஆசை மாதிரி. அவள் அதைப் பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான்.

"காலையில இதை நான் பாக்க மாட்டேன்" என்றாள் சோபனா. "நீங்கதான் பாக்கணும். பாத்துட்டு, ஒரு கோடா ரெண்டு கோடான்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். பந்தியில குனிஞ்சிக்கிட்டீங்களே, அப்பிடி இல்ல. அத்தையும் பக்கத்துல நிக்கட்டும். ரெண்டு கோடு இருந்தா, அதுக்கப்புறம் இந்த வூட்டுல யாரும் எனக்கு வழி சொல்லக்கூடாது. நான் சொல்றதுதான்."

"நீ என்னா பண்ணப் போற?"

வெல்லத்தின் உடம்பு மறுபடி முறுக்கிக்கொண்டது. சோபனா அவனுக்கு முதுகைத் திருப்பி, வேட்டித் துணியில் புதிதாக ஒரு துண்டைக் கிழித்து மடியில் விரித்துக்கொண்டு குனிந்தாள். பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. அவன் உட்கார்ந்துவிட்டான்.